பழியெல்லாம் தைராய்டுக்கு

எங்கள் ஊரில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் தைராய்டில் வந்து நிற்கும். முடி கொட்டினால் தைராய்டு, எடை ஏறினால் தைராய்டு, மருமகள் மேல் எரிந்து விழுந்தால் அதுவும் தைராய்டு. நான் தூத்துக்குடியில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது, சாம்பிள் பிரிப்பது, ரிப்போர்ட் அடிப்பது என்று வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தச் சோதனைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிக்கு மேல் பெண்கள். அதில் ஆச்சரியம் இல்லை, இந்தக் கோளாறு ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, சென்னை உட்பட எட்டு நகரங்களில் பெரியவர்களைச் சோதித்து, ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதாகச் சொன்னது. அதனால் வீட்டுக்கொருவர் மாத்திரை போடுவது போலத் தெரிவதில் தப்பில்லை.

என் கவுன்டரில் நான் தினமும் பார்ப்பது வேறொன்று. ரத்தம் கொடுக்கக் கையை நீட்டுவதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. யூரின் டப்பாவைக் கொடுத்தால் முகம் மாறிவிடும். சுற்றும் முற்றும் பார்த்து, டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் செய்தித்தாளில் சுற்றி, கேரி பேக்கில் போட்டு, அதை இன்னொரு பைக்குள் வைத்து, என் கையில் தரும்போது வேறு எங்கோ பார்ப்பார்கள். டாக்டர் சீட்டில் இரண்டும் எழுதியிருந்தாலும், "யூரின் வேண்டாம்மா, தைராய்டு மட்டும் பாத்துரு" என்று சொல்கிறவர்கள் உண்டு.

தைராய்டு கௌரவமான வியாதி ஆகிவிட்டது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லலாம், அவரும் தன் மாத்திரையின் அளவைச் சொல்வார். இருமினால் சேலை நனைகிறது, ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறேன் என்பதை அப்படிச் சொல்ல முடியுமா? சொல்ல முடியாததைச் சொல்லக்கூடியதன் பின்னால் ஒளித்துவைப்பது நம் பெண்களுக்குக் கைவந்த கலை. அதனால்தான் "தைராய்டு இருக்குல்லா, அதான்" என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளே ஒரு எரிச்சல் வரும். காரணம் தெரிந்துவிட்ட மாதிரி எல்லோரும் தலையாட்டுவார்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும், வைத்தியமும் அங்கேயே முடிந்துவிடும்.

இந்த எரிச்சலை நியாயமென்றும் சொல்ல முடியாமல், தவறென்றும் தள்ள முடியாமல் செய்தது என் மதினியின் கதை. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். "பேரைப் போட்டுராதட்டி" என்ற ஒரே நிபந்தனை.

மதினிக்கு ஐம்பத்தொரு வயது, மூன்று பிள்ளைகள். ஆறேழு வருஷமாகத் தைராய்டு மாத்திரை. போன வருஷம் மதுரையில் ஒரு கல்யாணம், வேன் பிடித்துப் போனோம். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லை. அப்படியும் எட்டயபுரம் தாண்டுவதற்குள் வண்டியை நிறுத்தச் சொன்னார். அருப்புக்கோட்டைப் பக்கம் மறுபடியும். அண்ணன் முன் சீட்டிலிருந்து திரும்பி ஏதோ முணுமுணுத்தான். "எனக்குத் தைராய்டு இருக்குல்லா, அதான்" என்றார் மதினி. பின்னால் இருந்த பெரியம்மா, "ஆமா, எங்க பக்கத்து வீட்டுக்காரிக்கும் இப்படித்தான்" என்று வழிமொழிந்தார். தீர்ப்பு எழுதியாயிற்று. வேன் கிளம்பிவிட்டது.

குறைந்தால் ஒரு வழி, கூடினால் இன்னொரு வழி

கழுத்தில் இருக்கிற சுரப்பிக்கும் அடிவயிற்றில் இருக்கிற மூத்திரப்பைக்கும் என்ன உறவு என்று கேட்டால், உறவு இருக்கிறது. ஆனால் நேரடியான உறவு கொஞ்சம், சுற்றி வளைத்து வருகிற உறவுதான் நிறைய. இதைப் புரிந்துகொள்ளாமல் "தைராய்டால்தான்" என்பதும் "தைராய்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்பதும் ஒரே அளவுக்குத் தவறு.

முதலில் சுரப்பு கூடுகிறவர்களின் கதை, அது எளிது. தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் இதயம் வேகமாக அடிக்கும், சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் கூடும், வடிகட்டும் வேகம் கூடும். தாகம் எடுக்கும், நிறையக் குடிப்பார்கள். நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிற சிறுநீரகத்தின் திறனும் சற்றுக் குறையும். எலும்பு வேகமாகக் கரைவதால் சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறும், அதுவும் சிறுநீரை அதிகமாக்கும். ஆக, அடிக்கடி போவது, அவசரமாகப் போவது, ராத்திரி எழுந்திருப்பது எல்லாம் இவர்களுக்கு வரலாம். கூடவே கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, எடை இறங்குவது இருக்கும். இவர்கள் பெரும்பாலும் முதலில் சர்க்கரை பார்க்கத்தான் வருவார்கள், அறிகுறிகள் அவ்வளவு ஒத்துப்போகும்.

சுரப்பு குறைந்தவர்களின் கதைதான் சிக்கல். நம் ஊரில் 'தைராய்டு இருக்கு' என்றால் பெரும்பாலும் இந்தக் குறைவுதான். இதில் எல்லாமே மந்தமாகும். குடல் மந்தமானால் மலச்சிக்கல். மலக்குடல் நிறைந்து கிடந்தால் அது முன்னால் இருக்கிற மூத்திரப்பையை அழுத்தும், பை முழுக்க நிறையுமுன்பே போகணும் போல இருக்கும். மதினி மாதிரியானவர்கள் யூரின் பிரச்சினைக்கு மருந்து கேட்டுப் போனால், நல்ல டாக்டர் முதலில் "மோஷன் சரியா போகுதா?" என்று கேட்பது இதனால்தான். எடை கூடினால் அடிவயிற்றின் பாரம், மூத்திரப்பையைக் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைகள் மேல் இறங்கும், இருமும்போது தும்மும்போது கசியும். தசைகளே தளர்வதும் உண்டு. படியேறினால் தொடை வலிக்கிறது என்று சொல்வார்களே, அந்தத் தளர்ச்சி இடுப்புத்தளத்தை மட்டும் விட்டுவைக்குமா? குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் தைராய்டு குறைந்தவர்களுக்குக் கூடுதலாக வரும். மூச்சு அடைபடும்போது இதயத்தின் மேலறை இழுபட்டு, சிறுநீரைக் கூட்டுகிற ஒரு ஹார்மோனை விடும். ராத்திரி எழுந்து எழுந்து போகிறவர்களில் சிலருக்கு மூல காரணம் மூத்திரப்பையிலேயே இருக்காது, மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில் இருக்கும். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கே நம்பச் சிரமமாக இருந்தது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தைராய்டு கடுமையாகக் குறைந்து நெடுநாள் கவனிக்காமல் விட்டால், மூத்திரப்பையின் தசையும் உணர்வும் மந்தமாகிவிடும். பை நிறைந்தது தெரியாது. போனாலும் முழுக்கக் காலியாகாது, மெல்லிசாக, விட்டுவிட்டு வரும். தேங்கி நிற்கிற இடத்தில் கிருமி தங்கும், நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வரும். இது அபூர்வம்தான். சிறுநீரகமும் மெதுவாகும், தண்ணீரை வெளியேற்றுவதில் பின்தங்கும், ரத்தத்தில் சோடியம் குறையும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கும். கிரியாட்டினின் ஏறிய ரிப்போர்ட்டைப் பார்த்துக் 'கிட்னி போச்சே' என்று அழுதுகொண்டு வந்த ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். தைராய்டு மாத்திரை ஆரம்பித்துச் சில மாதங்களில் எண் இறங்கிவிட்டது. எல்லோருக்கும் அப்படி இறங்கும் என்று சொல்லவில்லை, ஆனால் கிரியாட்டினின் காரணமில்லாமல் ஏறியிருந்தால் டி.எஸ்.எச். பார்ப்பது வழக்கத்தில் இருக்கிற நல்ல யோசனை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தைராய்டு ரொம்பக் குறைந்து முகம் உப்பியிருப்பவர்களுக்கு, மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் சிறுநீர் அதிகமாகப் போகும். உடம்பு தேக்கிவைத்திருந்த நீர் வெளியேறுவதுதான் அது. "மாத்திரை ஒத்துக்கல, யூரினா போகுது" என்று இந்த நேரத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பாவம், மருந்து வேலை செய்ய ஆரம்பித்த அறிகுறியைப் பக்கவிளைவு என்று நினைத்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டியதற்குக் காரணம், மதினியை நான் டாக்டரிடம் கூட்டிப்போனபோது என் தலைக்குள் இந்தப் பட்டியல்தான் ஓடிக்கொண்டிருந்தது. எது அவருக்குப் பொருந்தும் என்று நான் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு கேள்வி

கூட்டிப்போவது அத்தனை சுலபமாக நடக்கவில்லை. "இதுக்கெல்லாமா டாக்டர்ட்ட போவா?" என்றார். "ஆம்பள டாக்டர்னா வர மாட்டேன்" என்றார். கடைசியில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனோம், வயதான பெண்மணி. மதினி உட்கார்ந்ததும் வழக்கமான வசனத்தை ஒப்பித்தார்: "தைராய்டு இருக்கு டாக்டர், அதனால யூரின் அடிக்கடி போகுது."

டாக்டர் ஃபைலைப் புரட்டவே இல்லை. "இருமினா, தும்மினா, குடத்தத் தூக்கினா வருதா? இல்ல, பாத்ரூம் கதவத் தொறக்கறதுக்குள்ள வந்துருதா?" என்று கேட்டார்.

மதினி என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போகட்டுமா என்று ஜாடை காட்டினேன், வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். "இருமினா வரும். மத்தபடி அடிக்கடி போகணும், ஆனா அடக்கிக்கிடுவேன்."

"இருமினா வர்றது எத்தன வருஷமா?"

"அது… சின்னவன் பொறந்ததுலேர்ந்து."

சின்னவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. காலேஜ் முடித்து வேலைக்குப் போய்விட்டான். மதினிக்குத் தைராய்டு வந்தது ஆறேழு வருஷத்துக்கு முன்னால். அதாவது தைராய்டு என்ற பெயரை அவர் கேள்விப்படுவதற்கே பதினைந்து வருஷத்துக்கு முன்பிருந்து சேலையை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய அம்மாவிடம் ஒருமுறை சொன்னாராம், "பிள்ள பெத்தா அப்படித்தான் இருக்கும்" என்று பதில். ஒரே வீட்டில் வருஷக்கணக்கில் புழங்கியிருக்கிறோம். பொங்கலுக்குச் சேர்ந்து கோலம் போட்டிருக்கிறோம். குடத்தைத் தூக்கும்போது அவர் முகத்தில் தெரிந்த அந்தச் சின்னச் சுளிப்பை இடுப்பு வலி என்றுதான் வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

பிற்பாடு தைராய்டு வந்தபோது, அவருக்கு அது ஒரு வகையில் உதவியிருக்கிறது. அதுவரை பெயரில்லாமல் இருந்த ஒன்றுக்குச் சொல்லக்கூடிய காரணம் கிடைத்தது. இதை அவரே அன்று ஆட்டோவில் வரும்போது சொன்னார், வேறு வார்த்தைகளில்: "அதச் சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்கல்லா."

இருமினால் கசிவதற்கும் அவசரமாக வந்து கசிவதற்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. முதலாவதில் மூடித் தாங்குகிற தசைகள் தளர்ந்திருக்கின்றன. சுகப்பிரசவங்கள், மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவது, எடை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது இவையெல்லாம் அதற்கு வழி. இரண்டாவதில் பையின் தசை கேட்காமலே சுருங்குகிறது. அதற்குக் காபி டீயைக் குறைப்பது, போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகுவது, தேவைப்பட்டால் மாத்திரை. இரண்டும் சேர்ந்தும் வரும். டாக்டர் கேட்ட ஒரே கேள்வியில் பாதி தெளிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஒரு வேலை கொடுத்தார்: மூன்று நாள் நோட்டு எழுத வேண்டும். எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, என்ன குடித்தீர்கள், எப்போது கசிந்தது. அளக்க ஒரு பழைய பிளாஸ்டிக் அளவு மக். மதினி அதை வாங்கிக்கொண்ட விதத்தைப் பார்த்து, இது நடக்காது என்று நினைத்தேன். எழுதிவிட்டார். சின்னவனின் பழைய ரெக்கார்டு நோட்டில், பலசரக்குக் கணக்கு எழுதுகிற மாதிரி, சுத்தமாகக் கோடு போட்டு.

அந்த நோட்டை நான் படித்தபோதுதான் எனக்கு ஏதோ இடித்தது. அடிக்கடி போகிறவர்கள் பலர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான் போவார்கள். மதினி அப்படியில்லை. ஒவ்வொரு தடவையும் 250, 300 மில்லி என்று நல்ல அளவு, ராத்திரியிலும்கூட. ஒரு நாள் மொத்தம் மூன்று லிட்டரைத் தாண்டியிருந்தது. பெரியவர்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரைதான் சாதாரணம். பயணமில்லாத நாட்களில் அவர் குடிக்கிற தண்ணீரும் அந்த அளவுக்கு இருந்தது, தாகமாகவே இருக்கிறது என்று ஓரத்தில் குறித்திருந்தார். சர்க்கரை பார்த்தோம், இல்லை. யூரினில் கிருமியும் இல்லை. தைராய்டு பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று கேட்டேன். "மாத்திரதான் போடுதேன்லா, எதுக்குப் பாக்கணும்?" இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை.

டி.எஸ்.எச். 0.05.

இந்த எண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியில் சுரப்பதில்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியில் சுரக்கிறது. எழுப்பியும் எழாத பிள்ளையிடம் அம்மாவின் குரல் ஏறுமே, அதுபோலத் தைராய்டு வேலை செய்யாவிட்டால் இது ஏறும், தேவைக்கு மேல் ஹார்மோன் இருந்தால் இது அடங்கிவிடும். சுமார் 0.4 முதல் 4 வரை என்றால் சரி. 0.05 என்றால் மதினி உடம்பில் ஹார்மோன் கூடிக் கிடக்கிறது. சுரப்பு குறைந்தவர் என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர், மாத்திரையாலேயே சுரப்பு கூடியவர் மாதிரி ஆகிவிட்டார். நான் முதலில் சந்தேகப்பட்டது சாம்பிளைத்தான். முடி கொட்டுவதற்கென்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சில மெஷின்களில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும், சோதனைக்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்திவிட வேண்டும். தைராய்டுக்காரர்கள்தான் முடி கொட்டுகிறது என்று பயோட்டின் போடுவதும் அதிகம், அதனால் இந்தக் குழப்பம் எங்களுக்கு அடிக்கடி வரும். மதினி போடவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்தாலும் அதே கதைதான். ரத்தத்தில் இருக்கிற தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 உம் மேலே இருந்தது.

எப்படி ஆனது? விசாரித்தால் கதை காபியில் ஆரம்பிக்கிறது. ஆரம்பத்தில் 75 மைக்ரோகிராம். மதினி அதைக் காலைக் காபியோடு விழுங்குவார், பின்னாலேயே கால்சியம் மாத்திரையும். காபியும் கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் இந்த மருந்தைக் குடலில் முழுசாக ஏறவிடாது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் டி.எஸ்.எச். ஏறியிருக்க, மாத்திரையைக் கூட்டிக் கூட்டி 125 ஆக்கியிருக்கிறார்கள். எப்படிப் போடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் பி.ஃபார்ம் படித்த மூத்த மகள் இதைக் கவனித்தாள். "அம்மா, வெறும் வயித்துல தண்ணியோட போடணும், அரை மணி நேரம் கழிச்சுத்தான் காபி, கால்சியம் ராத்திரிக்கு" என்று ஒழுங்குபடுத்திவிட்டாள். நூற்றுக்கு நூறு சரியான காரியம். அன்றிலிருந்து 125உம் முழுசாக உடம்பில் ஏற ஆரம்பித்தது. அதன் பிறகு யாரும் ரத்தம் பார்க்கவில்லை. படபடப்பு வந்தபோது மெனோபாஸ் என்றார்கள். எடை குறைந்தபோது எல்லோரும் பாராட்டினார்கள்.

ஆக, வேனில் மதினி சொன்னது பாதி உண்மை. தைராய்டுதான், ஆனால் அவர் நினைத்த தைராய்டு இல்லை. இருமினால் கசிவதற்கு அது காரணமே இல்லை.

உப்பு, தண்ணீர்

இதற்கு நடுவில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று. தைராய்டு வேலை செய்யத் தேவையான அயோடினை நாம் சாப்பிடுகிறோம், அதில் 90 சதவீதத்துக்கு மேல் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. ஒரு வட்டாரத்து மக்களுக்கு அயோடின் போதுமா என்று கண்டுபிடிக்க வருகிறவர்கள் யார் கழுத்தையும் தடவிப் பார்ப்பதோடு நிற்பதில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் யூரினை வாங்கிப் போவார்கள். அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்பதற்கான தடை 2000இல் விலக்கப்பட்டு 2006இல் திரும்ப வந்தது.  நாட்டின் உப்பில் பெரும்பங்கு குஜராத்திலிருந்து வருகிறது, எங்கள் தூத்துக்குடியிலிருந்தும் நிறைய வருகிறது.

நாட்டின் தைராய்டைக் காக்கிற உப்பை வாருகிற பெண்கள் எங்கள் லேபுக்கு எதற்கு வருகிறார்கள் தெரியுமா? நீர்க்கடுப்புக்கு. உப்பளத்தில் நிழல் இருக்காது, பல இடங்களில் கழிப்பறை இருக்காது. போக இடமில்லை என்று தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அந்த வெயிலில். கல்ச்சர் போட்டால் இரண்டு நாளில் கிருமி வளர்ந்து நிற்கும். அவர்களிலும் சிலர் இப்போது "தைராய்டா இருக்குமோ" என்று கேட்கிறார்கள். தைராய்டு இருக்கலாம், பார்த்துவிடலாம். ஆனால் எட்டு மணி நேரம் அடக்கி வைத்ததற்கு டி.எஸ்.எச். என்ன செய்யும்? நோயைத் தேடி உடம்புக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தால், வேலை செய்கிற இடத்தில் ஒரு கதவும் தண்ணீர்க் குழாயும் இல்லாதது யார் கண்ணிலும் படாது. பஸ்ஸில் போகிற ஆசிரியைகள், ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே இருக்கிற பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் இது பொருந்தும். மதினி மதுரைக்குப் போக முந்தின ராத்திரியே தண்ணீரை நிறுத்தியதும் இந்த வகைதான்.

அதற்குப் பிறகு

மதினியின் மாத்திரையை 88க்கு இறக்கினார்கள். உடனே எல்லாம் மாறிவிடாது. மாத்திரையில் இருக்கிற இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் ரத்தம் பார்க்க வேண்டும். மாற்றி ஒரு வாரத்தில் பார்த்துவிட்டு "குறையவே இல்லையே" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. மதினி பொறுத்தார். தாகம் முதலில் அடங்கியது, பிறகு படபடப்பு, பிறகு ராத்திரி எழுந்திருப்பது மூன்றிலிருந்து ஒன்றாகியது. அந்த ஒன்று ஐம்பது வயதில் பெரிய விஷயமில்லை என்றார் டாக்டர். எடை கொஞ்சம் திரும்பி வந்ததில் மதினிக்கு வருத்தம்.

இருமல் கசிவு அப்படியே இருந்தது. டி.எஸ்.எச். 2க்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகும் மாறவில்லை. தைராய்டு சரியானால் அதுவும் சரியாகும் என்று அவர் உள்ளுக்குள் நம்பியிருந்திருக்கிறார் போல, முகம் வாடிவிட்டது. அதற்கு வைத்தியம் இடுப்புத்தளப் பயிற்சி. 1948இல் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியதிலிருந்து உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பது. சிறுநீரை நிறுத்துகிற, வாயுவை அடக்குகிற அந்தத் தசையை உள்ளே இழுத்துப் பிடித்து, விட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். வயிற்றையோ தொடையையோ இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. தாளில் அச்சடித்துக் கொடுத்தால் பாதிப் பேர் தப்பான தசையைத்தான் இறுக்குவார்கள். சொல்லிக்கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் சின்ன ஊர்களில் கிடைப்பது கஷ்டம். முட்டி வலிக்கு இருக்கிறார்கள், இதற்கு இல்லை. மதினிக்கு அந்த டாக்டரே பரிசோதிக்கும்போது விரலால் தொட்டுக் காட்டி, "இதை இழு, இப்ப விடு" என்று சொல்லிக்கொடுத்தார்.

நாலு மாதம் செய்த பிறகு தும்மலுக்குத் தாங்குகிறது, பலமான இருமலுக்கு இன்னும் கொஞ்சம் கசிகிறது என்கிறார். கண்ணுக்குத் தெரியாத பயிற்சி என்பதால் சீரியல் பார்த்துக்கொண்டே செய்கிறார். விளம்பர இடைவேளை கணக்கு. இத்தனைக்கும் மேலே தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை இருக்கிறது, இப்போதைக்கு அந்தப் பேச்சு வேண்டாம் என்று மதினியும் டாக்டரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

யூரினில் ரத்தம் வந்தாலோ, குளிர்காய்ச்சலோடு விலா முதுகு வலித்தாலோ, போகணும் போல இருந்தும் வராமல் நின்றாலோ இந்த நோட்டு, பயிற்சி எதற்கும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போய்விட வேண்டும். அதைத் தைராய்டு மேல் போடவே போடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மதினி இறங்கிவரவில்லை. காபியைக் குறைக்கச் சொன்னார்கள். நாளைக்கு நாலு டம்ளர் குடிக்கிறவர். பேரம் நடந்து, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கிடையாது என்பதில் நிற்கிறது. காலைக் காபிக்கு முந்தின அந்த அரை மணி நேரத்தை அவர் எப்படிக் கழிக்கிறார் என்று கேட்டேன். "வாசல் தெளிச்சு, கோலம் போட்டு, உங்க அண்ணன எழுப்பினா அரை மணி நேரம் ஆயிரும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் கோவம் வரும், அதுக்குத் தைராய்டச் சொல்லக்கூடாது, என்ன?" என்றார்.